தினம் 12 விநாடி ஓடும் மோட்டார்

மானுக்கு மக்காச்சோளம் வீசும் பீடரில் உள்ள மோட்டார் விடிகாலையில் 6 விநாடி ஓடும், பொழுது சாயும்போது 6 விநாடி ஓடும். அதோடு அன்றைய வேலை முடிந்தது. நாளுக்கு 12 விநாடி என்றால் வருடத்துக்கு 73 நிமிடம். நம் வீட்டு மிக்ஸி ஒரே மாதத்தில் இதைத் தாண்டிவிடும். அப்படியிருந்தும் டெக்சாஸில் அக்டோபர் பிறந்தால் தீவனக் கடைகளில் பீடர் மோட்டாரும் பேட்டரியும் மளமளவென்று விற்றுப்போகின்றன. “போன வருசம்தான் புதுசு போட்டேன், அதுக்குள்ள போயிடுச்சு” என்ற பேச்சை வரிசையில் யாராவது ஒருவரிடம் கேட்கலாம்.

73 நிமிடம் ஓடிய மோட்டார் தேய்ந்து போக வழியே இல்லை. வருடத்தின் மீதி நேரமெல்லாம் அது சும்மா நிற்கிறது. வெயிலில், மழையில், தூசியில், எறும்புகளுக்கு நடுவே நிற்கிறது. மோட்டாரும் சரி, பேட்டரியும் சரி, கெடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால், பராமரித்தால், இந்தச் சாமான்கள் பல வருடம் உழைக்கும். கடையில் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் ஓடும் நேரத்தைப் பற்றியே இருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது சான் அன்டோனியோவில். உடன் வேலை பார்க்கும் ஒருவரின் அப்பாவுக்கு வடமேற்கே, ஹில் கன்ட்ரி என்று அழைக்கப்படும் குன்றுப் பகுதியில், லானோ ஆற்றை ஒட்டி நிலம் இருக்கிறது. வயதானவர். ஏணி வைத்து டிரம் உயரத்துக்கு ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. அங்குள்ள நான்கு பீடர்களின் மின்சார வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வேட்டையில் எனக்கு நாட்டமில்லை, மோட்டாரில் உண்டு. அப்பா கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எரிந்த காயிலை அறுத்துப் பிரித்துப் போடுவது என் வேலையாக இருந்தது.

பீடரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் 55 கேலன் டிரம், நம் கணக்கில் சுமார் 200 லிட்டர். அதன் அடியில் புனல். புனல் வாய்க்கு நேர் கீழே ஒரு வட்டத் தகடு. தகட்டுக்குக் கீழே மோட்டார், ஷாஃப்ட் மேல்நோக்கி. மோட்டார் நிற்கும்போது தகட்டின் மேல் சோளம் ஒரு சின்னக் குவியலாகத் தங்கி, தானே புனல் வாயை அடைத்துக்கொள்ளும். தகடு சுற்றினால் நாலாபக்கமும் சிதறும். டைமரும் பேட்டரியும் பக்கத்தில் ஒரு பெட்டியில் இருக்கும். டெக்சாஸில் தனியார் நிலத்தில் வெள்ளைவால் மானுக்கு இப்படித் தீனி போட்டு வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். இந்தியாவில் 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதால் நம் ஊர்க் கடைகளில் இந்தப் பொருளைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் 12 வோல்ட் மோட்டார் சோளத்தை வீசும்போது சுமார் 3 ஆம்பியர் இழுக்கிறது. 3 ஆம்பியரை 12 விநாடியால் பெருக்கினால் 36. அதை 3600ஆல் வகுத்தால் நாளுக்கு 0.01 ஆம்பியர் அவர் (ஓர் ஆம்பியரை ஒரு மணி நேரம், அதாவது 3600 விநாடி, இழுத்தால் ஒரு ஆம்பியர் அவர்). வருடம் முழுக்க ஓடினாலும் 4 ஆம்பியர் அவரைத் தொடாது. பீடரில் வழக்கமாகப் போடும் பேட்டரியோ 7 ஆம்பியர் அவர். மோட்டார் மட்டும்தான் தின்கிறது என்றால் ஒரே சார்ஜில் ஒன்றரை வருடத்துக்கு மேல் வர வேண்டும்.

வராது. காரணம் டைமர். மோட்டார் தூங்கும் நேரமெல்லாம் டைமர் விழித்திருக்கிறது. நிலத்தில் இருந்த பழைய டைமர் ஒன்றை மீட்டரில் கோர்த்துப் பார்த்தேன், 5 மில்லி ஆம்பியர் காட்டியது. பார்க்க அற்பம். 24 மணி நேரத்தால் பெருக்கினால் 0.12 ஆம்பியர் அவர், மோட்டார் தின்பதைப் போல 12 மடங்கு. 7 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு மாதத்துக்குள் காலி. அதை எடுத்துவிட்டுப் போட்ட புது டைமர் அரை மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. அதே பேட்டரி, அதே மோட்டார். பேட்டரி தானாக இழக்கும் மாதம் 3 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டு மாதம் வருகிறது.

ஆகவே பெரிய பேட்டரி வாங்கும் முன் டைமர் சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். பெட்டி அட்டையில் பெரும்பாலும் அச்சிட்டிருக்காது. மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் ப்ளஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைத் தொடராகக் கோர்த்தால் போதும். கோர்த்திருக்கும்போது டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்க வேண்டாம். மோட்டார் இழுக்கும் கரண்ட்டில் மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். 2 மில்லி ஆம்பியருக்கு மேல் தின்னும் டைமரை நான் வைத்துக்கொள்வதில்லை.

அப்புறம் பேட்டரி. ஆம்பியர் அவர் கணக்கில் 7 தாராளம் என்று பார்த்தோம். பேட்டரிக்கு உண்மையான சோதனை மோட்டார் கிளம்பும் கணம். மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதியான ஆர்மச்சூர், சுழலும்போது வரும் கரண்ட்டை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கும். நின்ற நிலையில் அந்த எதிர் மின்னழுத்தம் கிடையாது. காயிலின் மின்தடை ஒன்றுதான் தடுப்பு. அதனால் முதல் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். சுழல ஆரம்பித்த பிறகு எதிர் மின்னழுத்தம் உருவாகி இழுவை தணியும். அந்த முதல் கணத்துக்கு ஈடுகொடுக்க பேட்டரியின் உள்மின்தடை குறைவாக இருக்க வேண்டும். வயதான பேட்டரியில் அதுதான் ஏறிவிடுகிறது.

சும்மா இருக்கும்போது அந்த வயதான பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பார்த்தவர் நல்ல பேட்டரி என்று மூடிவிடுவார். மோட்டார் கிளம்பியதும் 9க்குச் சரியும். அந்தச் சரிவில் டைமரின் கடிகாரம் அழிந்து, மறுபடி நள்ளிரவு 12இலிருந்து ஓட ஆரம்பிக்கும். “டைமர் நேரத்தை மறக்கிறது” என்று புது டைமர் வாங்குகிறவர்களில் பலருக்குத் தேவை பேட்டரிதான். நான் எப்போதும் மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டே டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்வேன். முழுச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் மூடிய ஈய அமில பேட்டரி சும்மா இருக்கையில் 12.7, 12.8 காட்ட வேண்டும். இந்தச் சின்ன மோட்டார் ஓடும்போது 12க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்ல பேட்டரி. 11.5க்குக் கீழே போனால் அந்த சீசனுக்கு அதை நம்ப மாட்டேன்.

6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்ற கேள்வி அடிக்கடி வரும். 6 வோல்ட் பீடர் மலிவு, பேட்டரியும் மலிவு. ஆனால் ஒரே வேலையைச் செய்ய 6 வோல்ட் மோட்டாருக்கு இரட்டிப்பு ஆம்பியர் வேண்டும். டெர்மினலில் கொஞ்சம் பச்சை பூத்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 12 வோல்ட் மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தால் அதில் 0.4 வோல்ட் போகும், நூற்றுக்கு 3 பங்கு, தெரியவே தெரியாது. 6 வோல்ட் மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கும்போது 0.8 வோல்ட் போகும், நூற்றுக்கு 13 பங்கு. காட்டில் நிற்கும் பெட்டியில் டெர்மினல் பூக்காமல் இருக்காது. அதனால் புதிதாக வாங்கினால் 12 வோல்ட்தான். ஏற்கெனவே 6 வோல்ட் இருந்தால் மோட்டார், டைமர், பேட்டரி, சோலார் பேனல் நான்கும் 6ஆகவே இருக்கட்டும். வேகம் போதவில்லை என்று 6 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள் பிரமாதமாக வீசும். பிறகு கருகும். பழைய பீடர்களில் வரும் ஸ்பிரிங் முனை வைத்த 6 வோல்ட் லாந்தர் பேட்டரியும் இந்த வேலைக்கு ஆகாது. உள்மின்தடை அதிகம், மறுசார்ஜும் கிடையாது.

பேட்டரிக்கு இங்கே முதல் எதிரி வெயில். ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 25 டிகிரியில் நாலு வருடம் வரும் பேட்டரி 35இல் இரண்டு வருடம்தான். ஹில் கன்ட்ரியில் ஆகஸ்டில் நிழலிலேயே 38 டிகிரி. பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் நான்கு பெட்டிகளையும் டிரம்மின் வடக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். டிரம்மே நிழல் கொடுக்கிறது. வெளிப்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட். மான் வெள்ளைக்கு மிரளும் என்று நிலத்துக்காரர் தயங்கினார். அந்தச் சுண்ணாம்பு மண்ணில் வெள்ளைப் பாறை நிறையக் கிடப்பதால் மான்கள் கண்டுகொள்ளவில்லை.

குளிர் வேறு மாதிரி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்கப் பனிப்புயல் அடித்து மின்சாரம் போனது பலருக்கு நினைவிருக்கும். முழுச் சார்ஜில் உள்ள ஈய அமில பேட்டரி அந்தக் குளிரில் உறையாது, அதன் அமிலம் அவ்வளவு அடர்த்தி. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போய், காலியான பேட்டரி தண்ணீர் உறையும் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும். உறைந்தால் உள்ளே தகடு வளையும், கூடு வீங்கும், பேட்டரி குப்பைக்குத்தான். சீசன் முடிந்ததும் பேட்டரியைப் பீடரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் இது நடக்கும். குளிர் வராவிட்டாலும் காலியாகக் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. சீசன் முடிந்த அன்றே கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முழுச் சார்ஜ் ஏற்றி, வீட்டுக்குள்ளேயே ஓர் ஓரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ். அது போதும்.

சோலார் பேனல் நல்லது, ஆனால் அளவோடு. நம் கணக்குப்படி நாளுக்கு 0.03 ஆம்பியர் அவர்தான் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு வாட் பேனலே அதிகம். இரண்டு மூன்று வாட் பேனலை ரெகுலேட்டர் (பேட்டரி நிறைந்ததும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சாதனம்) இல்லாமல் நேரே கோர்த்தால், நிறைந்த பேட்டரிக்குள் தினமும் கரண்ட்டைத் தள்ளித் தள்ளி உள்ளே இருக்கும் ஈரத்தை வற்றவைக்கும். மூடிய பேட்டரியில் தண்ணீர் ஊற்ற வழி கிடையாது. சின்ன ரெகுலேட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பாமல் தடுக்கும் டையோடும் அதிலேயே பெரும்பாலும் இருக்கும். பேனல் தெற்கு பார்க்க வேண்டும். இங்கே ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு. மாதம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். இங்கே மண் பாதைகளில் வண்டி போனால் எழும் வெள்ளைத் தூசு பேனல் மேல் மாவு போலப் படிந்துவிடும். பறவை எச்சமும் சேரும். ஒரு பேனலின் மூலையில் ஒரு கையகலம் எச்சம் படிந்திருந்தபோது வெளியே வரும் கரண்ட் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. செல்கள் தொடராகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று மறைந்தாலும் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மோட்டார் பக்கம் வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி.

பீடரில் இருப்பது காந்தமும் கார்பனும் வைத்த சாதாரண டிசி மோட்டார். ஷாஃப்ட்டில் உள்ள கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டை வளையத்தில் கார்பன் உரசித்தான் காயிலுக்குக் கரண்ட் போகும். வாங்கும்போது வோல்டேஜ், ஷாஃப்ட் தடிமன், ஷாஃப்ட் நீளம், மாட்டும் துளைகளின் இடைவெளி நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். ஷாஃப்ட் கால் அங்குலமா, அதைவிடச் சற்றுத் தடிமனான பதினாறில் ஐந்து பங்கு (5/16) அங்குலமா என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், தகட்டின் துளைக்குத் தெரியும். புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வெறும் உலோக வளையம்) வைத்ததா பேரிங் வைத்ததா என்று கேட்டால், பேரிங் வைத்ததை எடுங்கள். காரணம் தேய்மானம் இல்லை. மேல்நோக்கி நிற்கும் ஷாஃப்ட் வழியாக மழைச்சாரலும் சோள மாவும் இறங்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பேரிங் அதைக் கொஞ்சம் நிறுத்தும். வெறும் புஷ் நிறுத்தாது.

இதைப் பற்றி அப்பாவிடம் போனில் பேசினேன்.

“ஏங்கண்ணு, நின்னுட்டே இருக்கற மோட்டாரு எப்படிப் போகும்?” என்றார்.

“துருப்புடிச்சுப் போகுதுங்கப்பா. கம்யூட்டேட்டர் வரைக்கும் துரு.”

“ஷாஃப்ட்டு மேல பாத்து நிக்குதா?”

“ஆமாங்கப்பா.”

“அப்பறம் என்ன? கெணத்து மோட்டாருக்கு மேல பழைய ட்யூபுல வட்டமா வெட்டி ஷாஃப்ட்டுல சொருகுவமே, அதப் போடு. தண்ணி வெளிப்பக்கம் தெறிச்சுரும்.”

பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டம் வெட்டி, நடுவில் ஷாஃப்டைவிடச் சிறிய துளை போட்டு, தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே இறுக்கமாகச் செருகியிருக்கிறேன். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். தண்ணீர் அதற்கு மேல் வந்தால் ஓரத்தில் சொட்டிவிடும், மோட்டார் கழுத்துக்குள் போகாது. போட்ட பிறகு கழற்றிப் பார்த்த மோட்டார்களில் கழுத்து காய்ந்து சுத்தமாக இருந்தது.

துருவுக்கு அடுத்தபடி மோட்டாரைக் கொல்வது அடைப்பு. தகடு சுற்ற முடியாமல் நின்றால் மோட்டார் கிளம்பும் கணத்து ஆம்பியரை 6 விநாடியும் இழுத்துக்கொண்டே இருக்கும். எதிர் மின்னழுத்தம் இல்லை, குளிர்விக்கக் காற்றும் இல்லை. காலை 6 விநாடி, மாலை 6 விநாடி என்று தினமும் வறுபடும். அடைப்புக்குக் காரணம் உடைந்த சோளத்தண்டு, ஈரத்தில் ஊறி முளைவிட்ட சோளம், எல்லாவற்றையும்விட அதிகமாக மூட்டை தைத்த நூல். 50 பவுண்டு மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். அவசரத்தில் அது டிரம்முக்குள் விழும். புனல் வழியே இறங்கித் தகட்டுக்கு வந்ததும் ஷாஃப்ட்டில் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு மோட்டாரில் நான் பிரித்தெடுத்த நூல் சோள மாவோடு சேர்ந்து பசை போட்டது போலக் கெட்டியாகி, தகட்டின் கழுத்தில் ஒரு விரல் தடிமனுக்கு வளையம் கட்டியிருந்தது. பிளேடால் அறுத்தால்தான் வந்தது.  இப்போது மூட்டையைப் பிரித்ததும் நூலைச் சட்டைப் பைக்குள் போடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. டிரம்முக்கு மேல் ஒரு கம்பி வலையும் போட்டு அதன் வழியாகத்தான் சோளத்தைக் கொட்டுகிறோம்.

பாதுகாப்புக்கு மோட்டார் வயரில் 5 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். கிளம்பும் கணத்து இழுவையை அது பொறுத்துக்கொள்ளும், அடைத்துக்கொண்டு நின்றால் அறுந்துவிட வாய்ப்புண்டு. சாதாரண ஃப்யூஸ் போட்டால் நல்ல மோட்டாருக்கே காரணமில்லாமல் அறுந்து தொல்லை கொடுக்கும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடும் எதிர்த்திசையில் வைத்துச் சால்டர் பண்ணிவிடுங்கள், கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம். மோட்டார் நிற்கும்போது காயில் திருப்பி அடிக்கும் மின்னழுத்தம் டைமரின் ரிலேயை, அதாவது மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சை, தீய்க்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

தகட்டுக்கும் புனல் வாய்க்கும் உள்ள இடைவெளியும் மோட்டார் ஆயுளில் சேரும். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் சோளமணி நடுவில் ஆப்பு போல மாட்டும். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் காற்று அடித்தாலே சோளம் கொட்டும், மோட்டார் கிளம்பும்போதும் பெரிய குவியலைச் சுமந்துகொண்டு கிளம்ப வேண்டும். நான் முழுச் சோளத்துக்கு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்கிறேன். குவியல் தகட்டின் ஓரத்துக்கு இரண்டு விரல் உள்ளேயே நிற்க வேண்டும். புரதப் பெல்லட்டுக்கு இந்த வகைப் பீடர் வேண்டாம். அது ஈரத்தில் கரைந்து மாவாகி அடைக்கும். அதற்கு மோட்டாரே இல்லாத குழாய் பீடர் இருக்கிறது.

தகட்டை ஷாஃப்ட்டில் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்தால் மோட்டார் ஜோராக ஓடும், தகடு சோம்பலாகத் திரும்பும். சத்தத்தை மட்டும் கேட்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கும். ரக்கூன்கள் ஸ்டாண்டில் ஏறி, கையாலேயே தகட்டைத் திருப்பிச் சோளம் உதிர்த்துத் தின்னும். அந்தத் திருகலில் ஸ்க்ரூ தளரும், ஷாஃப்ட்டும் வளையும். தகட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போடுவது அதற்காகத்தான். காட்டுப்பன்றிக்கு வேறு வழி. ஸ்டாண்டைச் சுற்றி 34 அங்குல உயரக் கம்பி வேலி. மான் தாண்டிவிடும், பன்றி தாண்டாது.

மோட்டாரைக் கழற்றியதும் முதலில் கையால் சுற்றிப் பார்ப்பேன். காந்தம் இருப்பதால் மெல்லிய படிப்படியான பிடிப்பு தெரியும், அது இயல்பு. மணல் அரைபடுவது போல இருந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு மீட்டரை ஓமில் வைத்து இரு முனைகளையும் தொட்டுக்கொண்டே ஷாஃப்ட்டை மிக மெதுவாகத் திருப்பினால் எண் ஒன்று ஒன்றரை ஓமுக்குள் கொஞ்சம் ஏறி இறங்கும். எங்காவது திடீரென்று பல மடங்கு எகிறினால் கம்யூட்டேட்டரில் அந்த இடம் பூத்திருக்கிறது. பின்மூடியின் காதுகளை நிமிர்த்திப் பிரித்து, மெல்லிய உப்புத்தாளால் கம்யூட்டேட்டரைத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் கார்பன் தூசியைக் குண்டூசியால் சுரண்டி எடுத்தால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். ஷாஃப்ட்டில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டாம். அது சோள மாவைப் பிடித்துக் களியாக்கும், உள்ளே இறங்கிக் கார்பனையும் கெடுக்கும்.

எறும்பைச் சொல்லாமல் விட முடியாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நெருப்பெறும்பு டெக்சாஸில் பரவலாக உண்டு. மின்சாதனங்கள் என்றால் அதற்கு ஓர் ஈர்ப்பு. ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே புகுந்து, கரண்ட் பட்டுச் செத்து, செத்த எறும்பின் வாசத்துக்கு இன்னும் எறும்புகள் வந்து குவியும். ஒரு பெட்டியைத் திறந்தபோது டைமர் போர்டே தெரியவில்லை, மண்ணும் எறும்பும்தான். வயர் உள்ளே நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம், அதைச் சுற்றி சிலிக்கான். ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் கிரீஸ் பட்டை. டெர்மினல்களில் பச்சை வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவைத்து, மேலே கொஞ்சம் கிரீஸ். இதற்கெல்லாம் ஒரு பீடருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். வேட்டையாடாதவளுக்கு என்ன அக்கறை என்பது அவள் கேள்வி. மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. பேட்டரி தளர்ந்தால் தகடு மெதுவாகச் சுற்றும், சோளம் தூரமாகச் சிதறாமல் ஸ்டாண்டின் காலடியிலேயே குவியும். குவிந்த இடத்தில் பெரிய கிடா நின்றுகொள்ளும், குட்டியும் பெட்டையும் வேலியோரம் காத்திருக்கும். தின்று மீந்தது மழையில் நனைந்து பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தில் வரும் அஃப்ளடாக்சின் அங்கே மேயும் காட்டு வான்கோழிக்கும் சின்னப் பறவைகளுக்கும் விஷம். நன்றாக ஓடும் மோட்டார் பெரிய வட்டமாக வீசினால் ஆளுக்கொரு பக்கம் பொறுக்கித் தின்னும், தரையில் மீதமும் இருக்காது. தீனி போடுவது என்று முடிவு செய்தபின் அதை ஒழுங்காகப் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பீடர்களுக்கு வெள்ளைவால் மான் மட்டும் வருவதில்லை. நம் புள்ளிமானும் வரும். 1930களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு டெக்சாஸ் நிலங்களில் விடப்பட்டவற்றின் வம்சம், இன்றைக்கு ஹில் கன்ட்ரியில் சுதந்திரமாகத் திரிகிறது. கிண்டியிலும் முதுமலையிலும் பார்த்த அதே மான், அதே கூப்பிடும் குரல். அதைக் கேட்டால் வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

டைமரில் நேரம் வைப்பது பற்றி ஒரு குறிப்பு. இங்கே நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பொது சீசன் தொடங்கும் நேரமும் அதுவே. டைமரை மாற்றாதீர்கள். மானுக்குச் சூரியன்தான் கடிகாரம். அக்டோபரில் பழகிய நேரத்திலேயே தீனி விழட்டும்.

லித்தியம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நல்ல பேட்டரி. எடை பாதிக்கும் குறைவு, கடைசிவரை வோல்டேஜ் சரியாமல் நிற்பதால் முதல் நாள் போலவே கடைசி நாளும் வீசும். ஆனால் வோல்டேஜ் சரியாததாலேயே மீட்டரை வைத்து எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. அதைத் தடுக்கும் காப்புப் பலகை உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஈய அமிலத்துக்கான ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும். விலை, ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த 12 விநாடி வேலைக்கு அது தேவையா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அதனால் இந்த அக்டோபரில் நான்கு பீடர்களில் ஒன்றுக்கு மட்டும் லித்தியம் போடுகிறேன். நான்கிலும் ஒரே மோட்டார், ஒரே டைமர், வடக்குப் பக்க நிழல், ட்யூப் வளையம். அடுத்த செப்டம்பரில், கோடை தாண்டியதும், நான்கையும் ஒரே நாளில் மோட்டார் ஓடவிட்டு அளந்து எண்களை இங்கே போடுகிறேன். உங்களில் யாராவது இறால் குட்டையிலோ மீன் பண்ணையிலோ பேட்டரியில் ஓடும் பீடர் வைத்திருந்தால், உங்கள் மோட்டார் நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது, டைமர் சும்மா இருக்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் மோட்டார் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் ஓடும், அங்கே கார்பன் தேய்மானமும் கணக்கில் வரும். அந்த எண்கள் கிடைத்தால் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.